தெருவில் நின்று பார்த்த டாக்டர்

முதலில் ஒரு சின்ன வேலை. கூகுள் இமேஜஸில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று தேடிப் பாருங்கள். தாடி வைத்த ஒருவர் படம் வரும். அதைப் பார்த்து, சரி, இவர்தான் பார்க்கின்சன் நோயைக் கண்டுபிடித்தவர் போல என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ப்ராஜெக்ட் பிபிடியின் இரண்டாவது ஸ்லைடில் அந்தப் படத்தைப் போட்டும் விட்டேன்.

அது அவர் இல்லை. அவராக இருக்கவே முடியாது. ஜேம்ஸ் பார்க்கின்சன் இறந்தது 1824ல். ஃபோட்டோ எடுக்கும் முறை உலகத்துக்குத் தெரிய வந்தது 1839ல். அதே பெயரில் பின்னால் வாழ்ந்த வேறு யாரோ ஒருவரின் படம்தான் இணையம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிஜமான பார்க்கின்சனுக்கு உறுதியான ஓவியம்கூட ஒன்றும் இல்லை.

மனிதர்களை அவ்வளவு கூர்ந்து பார்த்த ஒருவரின் முகம் நம்மிடம் இல்லை. இந்த ஒரு விஷயம்தான் அவரைப் பற்றி மேற்கொண்டு படிக்க வைத்தது. எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், போன் கேமராவால் கண் அசைவைப் பதிவு செய்து பார்க்கின்சன் நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்க முடியுமா என்பது. அதைப் பற்றி கடைசியில் சொல்கிறேன். முதலில் இவர் கதை.

ஹாக்ஸ்டன் பையன்

1755 ஏப்ரல் 11. லண்டனின் ஷோர்டிட்ச் பகுதியில், ஹாக்ஸ்டன் ஸ்கொயர் ஒன்றாம் நம்பர் வீடு. அப்பா ஜான் பார்க்கின்சன் ஒரு அப்போதிக்கரி. அதாவது வைத்தியமும் பார்ப்பார், மருந்தும் அவரே கலந்து கொடுப்பார். பெரிய யுனிவர்சிட்டி டாக்டர்கள் பணக்காரர்களைப் பார்த்துக்கொள்ள, தெருவில் இருக்கிற சாதாரண ஜனங்களுக்கு இவர்கள்தான். நம்ம ஊரில் ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டலாம் என்று ஒரு டாக்டர் இருப்பாரே, அந்த மாதிரி.

ஜேம்ஸ் அப்பாவிடமே தொழில் கற்றார். 1776ல் லண்டன் ஹாஸ்பிட்டலில் ஆறு மாசம் படித்தார். அடுத்த வருடமே தூக்கு மாட்டிக்கொண்ட ஒரு மனிதரை அப்பாவோடு சேர்ந்து பிழைக்க வைத்தார். அதற்காக ஹ்யூமேன் சொசைட்டி வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. வயது 22. நம்ம வயசு.

1784ல் சர்ஜன் டிப்ளமா கிடைத்தது. அதே வருடம் அப்பா இறந்துபோக, தொழில் முழுக்க அவர் தலையில் வந்தது. ஆனாலும் அடுத்த வருடம், குடும்பம், நோயாளிகள் எல்லாம் இருக்கும்போதே, ஜான் ஹண்டர் என்ற பெரிய சர்ஜனின் லெக்சர்களுக்குப் போய் உட்கார்ந்தார். ஷார்ட்ஹேண்டில் நோட்ஸ் எடுத்தார். அந்த நோட்ஸை அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து மகன் புத்தகமாகவே போட்டார். செமஸ்டர் முடிந்ததும் நோட்ஸை எடைக்குப் போடுகிற நாம் இதை யோசிக்கணும்.

ராஜாவைக் கொல்லச் சதி?

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இந்த அமைதியான டாக்டர், அரசியலில் தீவிரமான ஆள்.

பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். இங்கிலாந்தில் சொத்து இருந்தால்தான் ஓட்டு. உழைக்கிறவனுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்ட லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டி என்ற அமைப்பில் பார்க்கின்சன் சேர்ந்தார். ஓல்ட் ஹியூபர்ட் என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். ரத்தம் சிந்தாமல் மாற்றம் வரணும் என்பதுதான் அவர் பேச்சு. ஒரு பிரசுரத்தை விற்ற பணம், ராஜத்துரோக வழக்கில் சிறையில் இருந்தவர்களின் குடும்பங்களுக்குப் போனது.

அந்த அமைப்புக்குள் அரசாங்கத்தின் உளவாளிகள் புகுந்திருந்தார்கள். 1794ல் ஒரு வழக்கு வெடித்தது. தியேட்டரில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை, பொம்மைத் துப்பாக்கி மாதிரியான ஒரு குழாயிலிருந்து விஷ அம்பு விட்டுக் கொல்லத் திட்டமிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. பாப்கன் சதி என்றே அதற்குப் பெயர். கேட்கவே காமெடியாக இருக்கிறது, ஆனால் தண்டனை மரணம். கைதானவர்கள் பார்க்கின்சனுக்குத் தெரிந்தவர்கள்.

அவர் பிரிவி கவுன்சில் முன்னால் நின்றார். எதிரே பிரதமர் வில்லியம் பிட். தன்னையே குற்றவாளியாக்குகிற கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று உறுதி கிடைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். அந்தப் பிரசுரங்களை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். நண்பர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது.

39 வயதில், குழந்தை குட்டிகளோடு, ஒரு வைத்தியர் இதைச் செய்தார். கண்காணிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல்லுக்குள் உயிர்

அதற்குப் பிறகு அரசியலைக் குறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதினார் என்றால் சும்மா இல்லை. வீட்டு வைத்தியக் கையேடு, கெமிஸ்ட்ரி பாக்கெட் புக், மெடிக்கல் மாணவர்களுக்கு அறிவுரை, கௌட் என்கிற மூட்டு வலியைப் பற்றி ஒரு புத்தகம். அந்த வலி அவருக்கே இருந்தது. 1812ல் மகன் ஜானோடு சேர்ந்து, குடல்வால் ஓட்டையாகி ஒரு பையன் இறந்ததைப் பதிவு செய்தார். அப்பெண்டிசைட்டிஸ் பற்றி ஆங்கிலத்தில் வந்த மிகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் உயிரோடு இருந்தபோது அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது மருத்துவமே இல்லை. ஃபாசில்! கல்லாகிப்போன சிப்பி, செடி, எலும்பு எல்லாம் சேகரித்து, 1804, 1808, 1811 என்று மூன்று வால்யூம் போட்டார். டார்வின் 1809ல்தான் பிறக்கிறார் என்பதைக் கவனியுங்கள். 1807 நவம்பரில் லண்டனில் ஒரு டேவர்னில் 13 பேர் சேர்ந்து ஜியாலஜிக்கல் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். அதில் இவர் ஒருவர். சுருள் சுருளாக இருக்கிற ஒரு அம்மோனைட் வகைக்கு பார்க்கின்சோனியா என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: ஃபாசில் பார்க்கிறவனுக்குத் துண்டு துண்டாகக் கிடைப்பதை வைத்து முழு உருவத்தை யோசிக்கிற பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் 1817ல் கைகொடுத்திருக்கும்.

ஒரு தப்பு

அவரைச் சிலை மாதிரி நிற்க வைக்க எனக்கு ஆசையில்லை. 1810ல் அவர் ஒரு பெரிய தப்பு செய்தார். ஹாக்ஸ்டனில் மனநல விடுதிகள் நிறைய. அங்கே போய்ப் பார்க்கிற டாக்டர்களில் இவரும் ஒருவர். ஒரு பெண்ணை அடைத்து வைக்க இவர் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். உறவினர் சொன்னதைத்தான் பெரும்பாலும் நம்பியிருந்தார். பிறகு, அந்தப் பெண்ணுக்கு அடைத்து வைக்கும் அளவுக்கு எதுவும் இல்லை, அது உறவினரின் சூழ்ச்சி என்று கோர்ட்டில் வெளியே வந்தது. பார்க்கின்சன் கடுமையாக விமர்சிக்கப்பட்டார்.

நம்ம மொழியில் சொன்னால் ஃபால்ஸ் பாசிட்டிவ். கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸில் ஒரு கட்டத்துக்குள் ஒரு எண். ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு பெண் பூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த வருடமே மனநல விடுதிகளுக்கான சட்டத்தைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். வாதாடினார், விளக்கினார், சட்டம் எப்படி இருக்கணும் என்று யோசனை சொன்னார். முழுக்கத் தன் தப்பை ஒப்புக்கொண்டாரா என்பதில் எனக்குத் திருப்தி இல்லை. நீங்களே படித்து முடிவு பண்ணுங்க.

66 பக்கம், ஆறு பேர்

1817. வயது 62. நடுக்க வாதம் பற்றி ஒரு கட்டுரை என்ற தலைப்பில் 66 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் மொத்தம் ஆறு கேஸ். எங்க கைடு பார்த்திருந்தால் சாம்பிள் சைஸ் பத்தாது என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆறில் மூன்று பேர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே இல்லை. இரண்டு பேரைத் தெருவில் பார்த்தார். ஒருவர் 62 வயதுக்காரர், வாழ்க்கையின் பெரும்பகுதி மாஜிஸ்திரேட் ஆபீசில் வேலை பார்த்தவர். உடம்பு கூன் விழுந்து, கைகால் நடுங்கி, பேச்சு தடுமாறி, முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடந்துகொண்டிருந்தார். கையில் கம்பு இல்லையென்றால் ஒவ்வொரு அடியிலும் விழுந்திருப்பார். இன்னொருவர் கட்டுமஸ்தான முன்னாள் மாலுமி, சுமார் 65 வயது. அவரால் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். ஐந்தாறு அடிக்கு ஒரு தடவை கம்பைத் தரையில் ஓங்கி ஊன்றித் தன்னையே நிமிர்த்திக்கொள்வார். ஸ்பெயின் சிறையில் மாதக்கணக்கில் ஈரத் தரையில் படுத்ததால் வந்த வியாதி என்று அவர் நம்பினார். இதெல்லாம் பார்க்கின்சனுக்கு எப்படித் தெரியும்? பேச்சுக் கொடுத்திருக்கிறார். கேட்டிருக்கிறார்.

மூன்றாமவரை தூரத்திலிருந்து மட்டும் பார்த்தார். உதவியாளர் எதிரே நின்று, தோள் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். அந்த மனிதர் முன்னும் பின்னும் மெல்ல ஆடி, பேலன்ஸ் கிடைத்ததும் சைகை கொடுத்துவிட்டு ஓட ஆரம்பிப்பார். உதவியாளர் சட்டென்று விலகி, முன்னால் ஓடி, இருபது அடி தள்ளி விழாமல் பிடிப்பதற்குத் தயாராக நிற்பார்.

இதைப் படித்தபோது நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். எங்க அப்பா தாத்தாவை வராண்டாவிலிருந்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது கிட்டத்தட்ட இப்படித்தான்.

நடுக்கம், கூன், நடை ஓட்டமாவது, இவை எல்லாம் தனித்தனியாக டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இவையெல்லாம் சேர்ந்து ஒரே நோய், மெதுவாக வருடக்கணக்கில் நகர்கிற நோய் என்று கோத்துச் சொன்னதுதான் பார்க்கின்சன் செய்தது. ஒருநாள் பார்வையில் இது பிடிபடாது. ஆரம்பம் அவ்வளவு சின்னதாக இருப்பதால் எப்போது ஆரம்பித்தது என்று நோயாளிக்கே சொல்லத் தெரியாது என்றும் எழுதினார்.

தவறவிட்டதும் உண்டு. தசைகள் விறைத்துப்போவதை அவர் சொல்லவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் விறைப்பு தெரியாது, கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தால்தான் தெரியும். அறிவு பாதிக்கப்படுவதில்லை என்றும் நினைத்தார். அதுவும் எல்லோருக்கும் சரியில்லை என்று இப்போது தெரியும். காரணம் கழுத்துப் பக்கத் தண்டுவடம் என்று ஊகித்தார், அதுவும் தப்பு. ஆனால் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்க்கத் தனக்கு வாய்க்கவில்லை, இது முழுமையான வேலை இல்லை, மற்றவர்கள் தேடணும் என்று வெளிப்படையாக எழுதிவிட்டுத்தான் போனார்.

மற்றவர்கள் தேட ரொம்ப நாள் ஆனது. 1824 டிசம்பர் 21ல், பக்கவாதத்தில், பேச்சு போன நிலையில் இறந்தார். ஷோர்டிட்சில் செயின்ட் லியோனார்ட் சர்ச்சில் புதைத்தார்கள். கல்லறை எங்கே என்று இன்று அடையாளம் இல்லை. சுமார் ஐம்பது வருடம் கழித்து பாரிஸில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மேதை, விறைப்பையும் வேகக் குறைவையும் பிரித்துக் காட்டி, நோய்க்கு பார்க்கின்சன் பெயரை வைத்தார். 1919ல் மூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கறுப்புப் பகுதி இதில் அழிகிறது என்று ட்ரெட்டியாகோஃப் காட்டினார். டோபமைன் குறைவுதான் பிரச்சினை என்பது 1960ல்தான் தெளிவானது. லீவோடோபா மாத்திரை அதற்குப் பிறகு வந்தது.

அப்போ கண்?

இப்போது இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறீர்கள். இல்லை. குதித்துக் குதித்துப் போகிறது. ஒவ்வொரு குதிப்புக்கும் சக்கேட் என்று பெயர். ஸ்கிரீனில் ஒரு புள்ளி தோன்றினால் கண் அதை நோக்கிக் குதிக்க ஆரம்பிக்க சுமார் 200 மில்லி செகண்ட் ஆகும். அந்தக் குதிப்புக்கு பிரேக் பிடித்து வைத்திருப்பதில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்கும் பங்கு உண்டு. பார்க்கின்சன் நோயில் கண் ஒரே தாவலில் போய்ச் சேராமல் குட்டிக் குட்டித் தாவலாகப் போகும். புள்ளிக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள் என்று சொன்னால் தப்பு அதிகமாகும். இமைப்பது குறையும். நடை சின்னதாகிறது, குரல் சின்னதாகிறது, கையெழுத்து சின்னதாகிறது, கண்ணின் தாவலும் சின்னதாகிறது.

லேபில் இதை அளக்கிற மெஷின்கள் செகண்டுக்கு ஆயிரம் தடவை கண்ணைப் படம் பிடிக்கும், விலை லட்சங்களில். போன் கேமராவில் சாதாரணமாக செகண்டுக்கு 30 ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லி செகண்ட். 200ஐ அளக்க 33 கொஞ்சம் முரட்டு ஸ்கேல்தான். 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் அது 4 மில்லி செகண்ட் ஆகிவிடும், பரவாயில்லை. எம்ஐடியில் ஐபோன் வைத்து சக்கேட் தாமதத்தை அளந்திருக்கிறார்கள். 2016ல் எம்ஐடி உள்ளிட்ட குழு, 1450க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து கிட்டத்தட்ட 25 லட்சம் ஃப்ரேம்கள் சேர்த்து கேஸ்கேப்சர் என்ற டேட்டாசெட் வெளியிட்டது. எங்கள் ப்ராஜெக்ட்டும் அதில்தான் ஆரம்பித்தது.

ஏன் வீட்டில்? தாத்தா தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். அவருக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை. ஒருநாள் வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக்கைத் திருப்பிவிட்டார்கள். வயசாயிடுச்சு என்று சிரித்துவிட்டு விட்டோம். நோய் என்று தெரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகிறோம். பத்து நிமிஷம் பார்ப்பார். பஸ்ஸில் போகும்போதே மாத்திரை போட்டுவிடுவதால், டாக்டர் பார்ப்பது தாத்தாவின் அன்றைய நல்ல நேரத்தை. விடியற்காலை நாலு மணிக்குப் புரள முடியாமல் கிடக்கிற தாத்தாவை டாக்டர் பார்த்ததே இல்லை. பார்க்கின்சன் செய்ததில் பாதி, நோயாளியை அவர் நடமாடுகிற இடத்தில் பார்த்ததுதான்.

எங்க மாடல் ஹாஸ்டல் பசங்களிடம் நன்றாக வேலை செய்தது. தாத்தாவிடம் தோற்றது. இமை தொங்குகிறது, தடிமனான கண்ணாடியில் ட்யூப்லைட் மின்னுகிறது, தலை ஆடுகிறது. யாருக்காகச் செய்தோமோ அவர் மாதிரி முகம் எங்கள் டேட்டாவில் ஒன்றுகூட இல்லை. ரிவ்யூவில் அதை மறைக்காமல் சொன்னோம். கொஞ்சம் மார்க் போனது.

இன்னொன்று. வீட்டில் ஒரு கேமரா தினமும் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வீடியோ யாருடையது? தாத்தாவிடம் கேட்டேன். கண்ணை மட்டும் பார்த்துக்கோ, வீட்டைப் பார்க்காதே என்றார். அதனால் வீடியோ போனை விட்டு வெளியே போகாத மாதிரி மாற்றினோம். எண்கள் மட்டும்தான் சேவ் ஆகும். உளவாளிகளுக்கு நடுவில் வாழ்ந்த பார்க்கின்சனுக்கு இது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு எண் மோசமாக வந்தால் ஆப் என்ன சொல்லணும் என்பதில் எங்கள் டீமுக்குள் பெரிய சண்டை. உங்களுக்கு நோய் முற்றிவிட்டது என்று ஒரு போன் சொல்லலாமா? 1810 கேஸைப் படித்த பிறகு அந்த மெசேஜை எடுத்துவிட்டோம். கிராஃபை மட்டும் காட்டும். தீர்ப்பு டாக்டருடையது. அவர் கையைப் பிடித்து மடக்கிப் பார்க்கட்டும், அது கேமராவால் முடியாது.

பிபிடியில் அந்தத் தாடிக்காரர் படத்தையும் எடுத்தாச்சு. அந்த இடத்தில் இப்போது ஹாக்ஸ்டன் ஸ்கொயரில் அவர் வீட்டு நினைவுப் பலகையின் படம் இருக்கிறது.

ஏப்ரல் 11, அவர் பிறந்த நாள்தான் உலக பார்க்கின்சன் தினம். அப்போது நமக்கு இன்டர்னல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், மறந்துவிடுவோம். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனதும், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்களிடம் பேசிக்கொண்டே ஒரு பேப்பரில் நாலு வரி எழுதச் சொல்லுங்க. பழைய லெட்டரோ, ரேஷன் கார்டு கையெழுத்தோ இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறதா? நடக்கும்போது ஒரு கை மட்டும் ஆடாமல் இருக்கிறதா? இருந்தால் உடனே நோய் என்று பயப்பட வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்க. நாங்க இரண்டு வருடம் லேட்.